வார்த்தைப்பாட்டுக்கு முன் உனக்கு ஒரு கடிதம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று நீ கொடுக்கப்போகும் முதல் வார்த்தைப்பாட்டுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று நீ போனில் சொன்னதிலிருந்து அம்மா ஜெபமாலையைக் கீழே வைப்பதில்லை. நீ அசிசி பிரான்சிஸின் வழிவந்த கப்புச்சின் சபைக்குப் போகிறேன் என்றபோது நான் தடுக்கவில்லை, இப்போதும் தடுப்பதற்காக எழுதவில்லை. உன் இடுப்புக் கயிற்றில் விழப்போகும் மூன்று முடிச்சுகளில் ஏழ்மை என்கிற முடிச்சைப் பற்றி மட்டும் உன்னிடம் பேச வேண்டும், தம்பி. அந்த ஒரு முடிச்சுக்காக எவ்வளவு சண்டை நடந்தது என்று தெரிந்துகொண்டு நீ முழந்தாளிட வேண்டும்.

12ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலும் தென்பிரான்சிலும் நகரங்கள் பெருத்தன. துணி வியாபாரமும் வட்டிக் கடையும் பெருகின, கூடவே ஏழைகளும் பெருகினார்கள். பழைய மடங்கள் பெரும்பாலும் ஊரைவிட்டுத் தள்ளி, நிலபுலத்தோடு இருந்தன. மடத்துத் துறவி ஒருவருக்குச் சொந்தமாக ஒன்றும் கிடையாது, ஆனால் மடத்துக்கு வயலும் ஆலையும் குத்தகையும் உண்டு. லியோன் நகரத்து வியாபாரி வால்தேஸ் 1170களில் சொத்தைக் கொடுத்துவிட்டு, நற்செய்தியை மக்கள் பேசும் மொழியில் பெயர்க்கச் செய்து, தெருவில் நின்று பிரசங்கித்தார். அனுமதியில்லாமல் பிரசங்கிக்காதே என்றார்கள், அவர் கேட்கவில்லை. 1184இல் திருத்தந்தை மூன்றாம் லூசியுஸ் அவருடைய ஆட்களைத் திருச்சபைக்குப் புறம்பாக்கினார். கால் நூற்றாண்டு கழித்து, 1209 வாக்கில், அசிசி ஊர் துணி வியாபாரியின் மகன் பிரான்சிஸ் ஏறத்தாழ அதே வாழ்க்கையைக் கேட்டு உரோமைக்குப் போய் நின்றார். திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் வாய்மொழியாகச் சரி என்றார். ஒருவர் திருச்சபைக்கு மாறான பதிதர், ஒருவர் புனிதர். பிரான்சிஸ் கீழ்ப்படிதலை முன்வைத்தார் என்பது உண்மை. ஆனால் வால்தேஸை இழந்ததில் உரோமையும் ஏதோ கற்றுக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவருக்காகவும் ஒரு பரலோக மந்திரம் சொல்லு.

தோமினிக்கன் சபையை உண்டாக்கிய தோமினிக் வந்த வழி வேறு. திருச்சபைக்கு மாறான போதனையோடு இருந்த கத்தாரிகள் என்ற கூட்டத்தாரைத் திருப்பப் போன திருத்தந்தையின் தூதர்கள் குதிரையும் பரிவாரமுமாகப் போனார்கள். எதிர்த்தரப்புப் போதகர்களோ ஒட்டிய வயிற்றோடு எளிமையாக வாழ்ந்தார்கள். சனம் யார் பேச்சைக் கேட்கும்? 1206இல் ஆயர் தியேகோவும் தோமினிக்கும் பரிவாரத்தை விட்டுவிட்டு நடந்துபோய், இரந்து உண்டு பிரசங்கிப்போம் என்றார்கள். 1216இல் அவர் சபைக்கு அங்கீகாரம் கிடைத்தது. 1220இல் பொலோஞ்ஞாவில் கூடியபோது நிலையான வருமானமே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அதே சபையார் பதிதர்களைத் தேடித் தண்டிக்கும் விசாரணை மன்றத்து நடுவர்களானார்கள். அதை மறைத்து உனக்குப் புனிதர் சரித்திரம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது நீ கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். தன் சபைக்கு எழுதிய 1223ஆம் ஆண்டு ஒழுங்கில் அசிசியார், அதாவது பிரான்சிஸ், நேராகவோ வேறொருவர் மூலமாகவோ காசு வாங்கக் கூடாது என்கிறார். வீடு, இடம், எதுவுமே சொந்தமாகக் கூடாது என்கிறார். 1226இல் சாகுமுன் சொன்ன சாசனத்தில், தன் கையால் உழைத்ததையும், சகோதரர்கள் எல்லாரும் உழைக்க வேண்டும் என்பதையும் சொல்லுகிறார். உழைப்புக்குக் கூலி கிடைக்காதபோது ஆண்டவரின் பந்திக்குப் போவதுபோல வீடுவீடாகப் போய்ப் பிச்சை கேட்கச் சொல்லுகிறார். உழைப்பு முதலில், இரத்தல் பிறகு. பின்னால் சபையில் குருக்களும் பேராசிரியர்களும் பெருகியபோது இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. இதுதான் என் பெரிய ஆதங்கம்.

அவர் இறந்து நான்கே ஆண்டில், 1230இல், அவருடைய நண்பராக இருந்த திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரியே அந்தச் சாசனம் சகோதரர்களைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்புச் சொன்னார். 1245இல் திருத்தந்தை நான்காம் இன்னொசென்ட் அடுத்த ஏற்பாட்டைச் செய்தார்: சொத்து உரிமை திருத்தந்தையின் திருப்பீடத்துக்கு, அனுபவிப்பது சகோதரர்களுக்கு. அது இல்லாவிட்டால் பாரிசில் பிரான்சிஸ்கன் அறிஞர் போனவெந்தூர் படித்த கல்விக்கூடம் நிலைத்திருக்காது என்று சொல்லுவார்கள். இருக்கலாம். புளோரன்சில் சாந்தா குரோச்சே ஆலயத்தில் ஜொத்தோ தீட்டிய ஓவியத்தில், பிரான்சிஸ் ஆயர் முன்னால் தன் உடையைக் களைந்து தகப்பனிடமே கொடுத்துவிட்டு நிற்கிறார். அந்தச் சிற்றாலயம் பார்தி என்ற வங்கிக்காரக் குடும்பத்துடையது. அந்த ஓவியத்தின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

கடுமையான ஏழ்மையை விடமாட்டோம் என்று நின்ற நான்கு பிரான்சிஸ்கன் சகோதரர்களை 1318இல் மார்செய் நகரத்தில் எரித்தார்கள். 1322இல் திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் அந்தச் சொத்து உரிமை தனக்கு வேண்டாம் என்று திருப்பிவிட்டார். மறு ஆண்டே, கிறிஸ்துவுக்கும் திருத்தூதர்களுக்கும் தனியாகவோ கூட்டாகவோ எந்த உடைமையும் இல்லை என்று பிடிவாதமாகச் சொல்வது திருச்சபைக்கு மாறான தப்பறை என்று அறிவித்தார். அசிசியார் காலமாகி நூறு ஆண்டுகூட ஆகவில்லை, தம்பி.

ஆனாலும் ஒன்றும் இல்லாதவனுக்குக் கால் இலகுவாகத்தான் இருக்கிறது. மொந்தேகொர்வீனோ யோவான் என்ற பிரான்சிஸ்கன் சீனாவுக்குப் போகும் வழியில், 1290களின் தொடக்கத்தில், நம் தோமையார் கோவில் இருந்த மண்ணில் 13 மாதம் தங்கியிருக்கிறார். உடன் வந்த தோமினிக்கன் சபைத் துறவி நிக்கொலா இங்கேயே இறந்து, அந்தக் கோவிலிலேயே அடக்கமானார். சாந்தோமுக்குப் போகும்போது நினைத்துக்கொள்.

உன் கப்புச்சின் சபையும் அசிசியாரின் வாழ்க்கைக்குத் திரும்ப வேண்டும் என்று கிளம்பியவர்களால்தான் உண்டானது, 1528இல் அங்கீகாரம் பெற்றது. ஆகவே கேள்வி கேட்பது உன் சபைக்குப் புதிதல்ல. உங்கள் மடத்துக் கட்டடம், வண்டி, வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது, நீங்கள் கையால் என்ன வேலை செய்கிறீர்கள் என்று பயிற்சிக் குருவிடம் மரியாதையோடு கேள். அசிசியாரின் சாசனத்தையும் 1230ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, உனக்கு என்ன படுகிறது என்று எனக்கு எழுது. நான் சொன்னதை நீ ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வார்த்தைப்பாட்டுக்கு முந்தின நாளே அம்மாவும் நானும் வந்துவிடுவோம். உனக்கு என்ன கொண்டுவரலாம் என்று அம்மா கேட்கிறாள். அவளுக்குத் தனியாக நாலு வரி எழுதிப் போடு.

அன்புடன்,
அப்பா