ஆண்டறிக்கை: பூர்வகுடிகளுக்கென ஓர் இணைய முகவரி

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, மூதூர் கிழக்கிலிருந்தும் வெருகலிலிருந்தும் வருகை தந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாகசபை மாதந்தோறும் தவறாமல் கூடியது. வாசிகசாலையின் கூரை திருத்தப்பட்டது. கணக்கு விபரங்களைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். எமது உழைப்பில் பெரும்பகுதி ஒரே விடயத்துக்குச் சென்றதால், அதைப் பற்றியே விரிவாகச் சொல்லப்போகிறேன்.

எமது மாவட்டத்துக் கரையோர வேடர்களுக்கும் நாட்டின் ஏனைய பூர்வகுடிகளுக்கும் உரித்தான தனி டொமைன், அதாவது இணைய முகவரியின் இறுதியில் வரும் பெயர்ப்பிரிவு, வேண்டும் என்று இளைஞர் அணி சென்ற பொதுக்கூட்டத்தில் பிரேரணை கொண்டுவந்தது. அன்று நான் ஆதரிக்கவில்லை. குடிநீருக்கும் காணி உறுதிக்கும் அலையும் மக்களுக்கு இது எதற்கு என்று எண்ணினேன். எமது சங்கத்தின் பழைய இணையத்தளத்துக்கு நேர்ந்த கதிதான் என் எண்ணத்தை மாற்றியது. புதுப்பிப்புக் கட்டணம் செலுத்தத் தவறினோம். சில மாதங்களில் எமது பெயரிலேயே வேறொருவரின் விளம்பரப் பக்கம் திறந்தது. தவறு செயலாளராகிய என்னுடையது. இணையத்தில் பெயர் குத்தகைக் காணி போன்றது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

எமது இந்துமாக்கடலிலேயே இதைவிடக் கொடிய உதாரணம் இருக்கிறது. சாகோஸ் தீவு மக்களை 1968 முதல் 1973 வரை பிரித்தானியா அவர்களின் சொந்த மண்ணிலிருந்து வெளியேற்றியது. அத்தீவுகள் அடங்கிய பிரித்தானிய இந்துசமுத்திர ஆட்புலத்தின் பெயரால் 1997 இல் டொட் ஐஓ (.io) என்ற டொமைன் உருவானது. இன்று உலகெங்கும் தொழில்நுட்ப நிறுவனங்கள் அதை விரும்பி வாங்குகின்றன. தீவிலிருந்து துரத்தப்பட்டவர்களோ அந்த வருமானத்தில் பங்கு கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நல்ல வழியும் உண்டு. நியூசிலாந்தில் மாவோரிக் குலங்களுக்கென 'இவி' என்ற பெயரில் ஒரு பிரிவு, அந்நாட்டு டொமைனின் கீழ் ஒதுக்கப்பட்டிருக்கிறது. விண்ணப்பிப்பவர் உண்மையில் அக்குலத்துக்குரியவரா என்று பார்த்த பின்பே அது வழங்கப்படும். அமெரிக்காவில் அரசு அங்கீகரித்த பழங்குடி அரசுகள், 'சுதேச இறைமை நாடுகள்' என்பதன் சுருக்கத்தைத் தமது அரச முகவரியில் சேர்த்துக்கொள்கின்றன. ஸ்பெயினில் பேசப்படும் கற்றலன் மொழிக்கும் பண்பாட்டுக்குமான டொட் கற் (.cat) 2005 இல் அனுமதி பெற்றது.

டொட் கற் போல எந்த நாட்டு டொமைனின் கீழும் வராத, உலகளவிலான ஒரு மேல்நிலை டொமைன் கேட்டாலென்ன என்று உறுப்பினர் சிலர் கேட்டார்கள். இத்தகைய புதிய டொமைன்களுக்கு விண்ணப்பம் ஏற்கப்பட்ட 2012 சுற்றில் விண்ணப்பக் கட்டணம் மட்டும் 185,000 அமெரிக்க டொலர். அடுத்த சுற்றுக்கு 227,000 டொலர். சலுகை கிடைத்தாலும் அதை நடத்தும் செலவு ஆண்டாண்டாகத் தொடரும். அது உலகப் பூர்வகுடி அமைப்புகள் கூடிச் செய்ய வேண்டிய வேலை. நாம் நியூசிலாந்து வழியையே தெரிவுசெய்தோம். இலங்கையின் டொமைனான டொட் எல்கேயின் (.lk) கீழ் பாடசாலைகளுக்கும் சங்கங்களுக்கும் ஹோட்டல்களுக்கும்கூடத் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. விடுதிக்கு ஒதுக்கிய இடத்தை இம்மண்ணின் மூத்த குடிக்கும் ஒதுக்கலாம் அல்லவா? தமிழ் எழுத்திலான டொட் இலங்கை 2010 முதல் நடைமுறையில் உள்ளது. எமது கரையோர வேடர்கள் தமிழ் பேசுபவர்கள். மகியங்கனைக்கு அருகிலுள்ள தம்பானைப் பக்கத்து வேடர்களுக்குச் சிங்கள எழுத்து வசதி. இரண்டிலும் முகவரி அமைய வேண்டும்.

கிண்ணியாப் பாலம் கடந்து மூதூர் கிழக்குக் கிராமங்களுக்குச் சென்றபோதுதான் மெய்யான சிக்கலைக் கண்டோம். என்ன பெயர்? 'வேடர்' என்று சொல்லிப் பள்ளியில் கேலி செய்யப்பட்டதை மறக்காத தாய்மார் அச்சொல்லே வேண்டாம் என்றார்கள். அதைப் பெருமையுடன் சொல்லும் முதியவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. 'ஆதிவாசி' என்பதை இளையோர் விரும்பினார்கள். ஒரு மாலை முழுவதும் பேசியும் முடியவில்லை. அது நல்லதே. நாம் நகரத்திலிருந்து ஒரு பெயரைச் சுமந்து சென்றிருந்தால் பெரும்பிழை செய்திருப்போம். 2007 செப்டெம்பர் 13 அன்று 144 நாடுகளின் வாக்குகளால் நிறைவேறிய, பூர்வகுடிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனத்தின் 13 ஆவது உறுப்புரை, தம் சமூகத்துக்கும் இடங்களுக்கும் தாமே பெயரிடும் உரிமையைப் பூர்வகுடிகளுக்கே தருகிறது. இலங்கையும் ஆதரித்து வாக்களித்தது.

குமார தெய்வச் சடங்கு பற்றியும் அங்கே பேச்சு எழுந்தது. சடங்குப் பாடல்களை வெளியார் கைபேசியில் பதிந்து கொண்டுபோவது அவர்களுக்கு மனவருத்தம். எதைப் பொதுவில் வைப்பது, எதைக் கிராமத்துக்குள் வைப்பது என்பதைத் தாமே தீர்மானிக்க வேண்டும் என்றார்கள். தனி முகவரி மட்டும் இதைத் தடுக்காது. ஆயினும் அவர்களே பொறுப்பேற்ற பதிவு எது, பிறர் எடுத்துப் போட்டது எது என்று பார்ப்பவர் அறிய அது உதவும்.

ஆகவே, டொட் எல்கே பதிவகத்துக்கு அனுப்பவுள்ள வேண்டுகோளில் பெயருக்குரிய இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறோம். கிராமங்கள் கூடி முடிவெடுத்த பின்பே அது நிரப்பப்படும். விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் குழுவில் அச்சமூகத்தவரே பெரும்பான்மையாக இருக்க வேண்டும், எமது சங்கத்துக்கு வாக்குரிமை கூடாது என்றும் எழுதியிருக்கிறோம். இந்த வரைவைச் சபையின் அங்கீகாரத்துக்காக முன்வைக்கிறேன்.

செயலாளர்,
திருகோணமலை.