விளக்கைக் கடைசியில் வாங்கு

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். வளைந்த 32 இஞ்ச் மானிட்டர், நிறம் மாறும் எல்.இ.டி. ஸ்ட்ரிப் 5 மீட்டர், சுவரில் ஒட்டும் அறுகோண விளக்குகள், கடைசி வரியில் மேசை. இந்த வரிசையை அப்படியே தலைகீழாகத் திருப்பிவிடு. எந்த நிறம் எரிய வேண்டும், திரை ஒன்றா இரண்டா, கறுப்பு மேசையா மரநிற மேசையா என்பதெல்லாம் உன் இஷ்டம். அதில் நான் வாய் திறக்கப் போவதில்லை. உயரம், தூரம், பிக்சல் நெருக்கம், ஆம்பியர் ஆகிய நான்கும் இஷ்டத்தில் சேராது. அவற்றுக்கு அளவு உண்டு.

மேசையிலிருந்து தொடங்கு. உயரம் மாறாத மேசைகள் பெரும்பாலும் 72 முதல் 75 செ.மீ. வரை வரும். நல்ல உயரமானவர்களுக்குத்தான் அது பொருந்தும். பாதம் முழுதாகத் தரையில் பதியும்படி நாற்காலியில் உட்கார்ந்து, மேல்கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கு. தரையிலிருந்து முழங்கைக்கு எத்தனை செ.மீ. என்று அளந்து குறித்துக்கொள். கீபோர்டின் மேற்பரப்பு அந்த உயரத்தில் இருக்க வேண்டும். மெக்கானிக்கல் கீபோர்டு என்றால் அதுவே 3, 4 செ.மீ. தடிமன், மேசைப் பலகை அவ்வளவு கீழே இருக்க வேண்டும். மேசை உயரமாகிவிட்டால் நாற்காலியை ஏற்றி, காலுக்கு ஒரு பலகை போடு. நாற்காலியைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு தோளைத் தூக்கித் தட்டினால் கழுத்து வலிதான் மிச்சம்.

அகலத்தைப் பற்றி எல்லாரும் யோசிப்பார்கள், ஆழத்தை மறந்துவிடுவார்கள். 60 செ.மீ. ஆழ மேசையில் மானிட்டரின் ஸ்டாண்டே 20 முதல் 25 செ.மீ. இடத்தைத் தின்றுவிடும். கீபோர்டும் கையும் வைத்த பிறகு திரை முகத்துக்கு மிக அருகில் வந்து நிற்கும். 75, 80 செ.மீ. ஆழம் கிடைத்தால் விடாதே. கையை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொடுகிற தூரம் நல்ல தொடக்கம். 32 இஞ்ச் என்றால் இன்னும் ஒரு சாண் தள்ளியிரு.

ஆழம் குறைந்த மேசைதான் அமைகிறதென்றால் மானிட்டர் ஆர்ம் போடு, அதாவது மேசை விளிம்பைக் கவ்வித் திரையைத் தாங்கும் மடங்கும் கை. வாங்குமுன் மூன்று விஷயம் பார். முதலாவது, மானிட்டரின் பின்புறத் துளைகள் 75 × 75 அல்லது 100 × 100 மி.மீ. இடைவெளியில் இருக்கின்றனவா, ஸ்க்ரூ பெரும்பாலும் எம்4 தான், ஆனால் துளை உள்ளே குழிந்திருந்தால் நீளமான ஸ்க்ரூவும் ஸ்பேசரும் தேவைப்படும். இரண்டாவது, ஸ்டாண்ட் இல்லாமல் மானிட்டரின் எடை. ஆர்மில் இத்தனை கிலோ முதல் இத்தனை கிலோ வரை என்று எழுதியிருப்பார்கள். மேல் எல்லையை மட்டும் பார்க்காதே. கீழ் எல்லைக்கும் குறைவான எடையை மாட்டினால் திரை தானாக மேலே ஏறிக்கொண்டே போகும், ஆலன் கீயால் எவ்வளவு தளர்த்தினாலும் நிற்காது. மூன்றாவது, மேசைப் பலகை. வெளியே மரம் மாதிரி தெரிந்தாலும் உள்ளே அட்டைத் தேன்கூடு வைத்த மேசைகள் உண்டு. அதில் கிளாம்பை முறுக்கினால் பலகை நொறுங்கிப்போகும். பார்ட்டிகிள் போர்டு என்றாலும் மேலும் கீழும் இரும்புத் தகடு வைத்தே முறுக்கு. இன்னொன்று, ஆர்மை மடக்கும்போது அதன் முழங்கை பின்னால் நீட்டிக்கொள்ளும். மேசை சுவரை ஒட்டியிருந்தால் திரையை உள்ளே தள்ளவே முடியாது.

இனி மானிட்டர். எத்தனை இஞ்ச் என்று கேட்பதற்கு முன் ஓர் இஞ்சில் எத்தனை பிக்சல் என்று கேள். 24 இஞ்சில் 1920 × 1080 என்றால் 92. அதே பிக்சல்களை 27 இஞ்சில் இழுத்துப் பரப்பினால் 82; எழுத்தின் ஓரம் பல்பல்லாகத் தெரியும், அதை வாங்காதே. 27 இஞ்சில் 2560 × 1440 என்றால் 109. புரோகிராம் எழுதுகிறவர்கள் பலர் இங்கேதான் நிற்கிறார்கள், எழுத்தைப் பெரிதாக்காமலே படிக்கலாம். 27 இஞ்ச் 4கே (3840 × 2160) என்றால் 163. அச்சிட்ட பக்கம் போல இருக்கும், ஆனால் 150 சதவீதம் பெரிதாக்கித்தான் படிக்க முடியும். அப்படிப் பெரிதாக்கினால் கிடைக்கும் இடம் 1440 திரையின் இடமேதான். நீ கூடுதலாகப் பெறுவது கூர்மை மட்டும். தமிழ் எழுத்துகளின் சுழிகளும் புள்ளிகளும் அந்தக் கூர்மையில் நன்றாகப் பிரிந்து தெரியும் என்பதால் நானாக இருந்தால் அதையே எடுப்பேன்.

32 இஞ்ச் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் திரை உயரம் 40 செ.மீ., 27 இஞ்சுக்கு 34 செ.மீ. மேல் விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ இருக்க வேண்டும் என்பது கணக்கு. 32 இஞ்ச் திரையோடு வரும் ஸ்டாண்ட் போதிய அளவு இறங்காவிட்டால் நாள் முழுதும் அண்ணாந்து பார்ப்பாய். 34 இஞ்ச் அல்ட்ராவைடு இன்னும் பெரிது என்று நினைக்காதே: உயரத்தில் அது 27 இஞ்சேதான், பக்கவாட்டில் மட்டும் நீண்டது. வளைவு விஷயத்தில், 1500ஆர் என்றால் 1500 மி.மீ. ஆரம் உள்ள வட்டத்தின் துண்டு என்று பொருள். அல்ட்ராவைடுக்கு வளைவு உதவும். சாதாரண அகலத்தில் அது அலங்காரம்தான். வரைபட வேலையில் நேர்கோடு வளைந்து தெரிந்து எரிச்சலூட்டும்.

பேனல் வகையில் ஐ.பி.எஸ். பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாது, ஆனால் இருட்டு அறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும், மூலைகளில் வெளுப்பு மினுங்கும். வி.ஏ. பேனலில் கறுப்பு ஆழம். இருண்ட படம் நகரும்போது பின்னால் தேய்ந்த தடம் வரும். ஓ.எல்.இ.டி. படம் பார்க்கவும் விளையாடவும் ஈடில்லாதது. நாள் முழுக்க ஒரே டாஸ்க்பாரும் எடிட்டரும் நிற்கிற திரைக்கு அதை நான் எடுக்கமாட்டேன்: அசையாத பகுதிகளின் தடம் நிரந்தரமாகப் பதியக்கூடும், துணைப்பிக்சல்களின் (ஒரு பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளின்) அமைப்பால் எழுத்தின் ஓரத்தில் நிறக் கசிவும் தெரியலாம்.

நல்ல மானிட்டர் வாங்கிவிட்டு கேபிளில் கோட்டைவிடுவதுதான் அதிகம். 4கே திரையில் மவுஸ் அம்பு தயங்கித் தயங்கி நகர்ந்தால் அது 30 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 30 முறை மட்டும் படம் மாறி, ஓடுகிறது என்று அர்த்தம். எச்.டி.எம்.ஐ. 1.4 தருவது அவ்வளவே. 60 ஹெர்ட்ஸுக்கு 2.0 வேண்டும், 120க்கு 2.1 வேண்டும். டிஸ்பிளேபோர்ட் 1.2 இருந்தாலே 4கே 60 வந்துவிடும். லேப்டாப்பை ஒற்றை யு.எஸ்.பி.-சி கேபிளில் இணைக்க நினைத்தால், அந்தப் போர்ட் வீடியோ அனுப்பும் வகையா என்று பார். எல்லா சி போர்ட்டும் அனுப்பாது. சார்ஜரோடு வரும் கேபிள் பல நேரம் மின்சாரத்துக்கு மட்டுமே ஆனது, திரையில் ‘சிக்னல் இல்லை’ என்று வரும். நடுவில் ஒரு ஹப் (ஒரு போர்ட்டைப் பல போர்ட்டாக்கும் பெட்டி) வைத்தாலும் வேகம் குறையலாம்: அதே கம்பிகளில் பாதியை யு.எஸ்.பி. 3 எடுத்துக்கொண்டால் வீடியோவுக்கு மீதிப் பாதிதான் கிடைக்கும், பழைய லேப்டாப்பில் 30 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். மாட்டியதும் செட்டிங்ஸில் ரெஃப்ரெஷ் ரேட்டைக் கண்ணால் பார்த்து உறுதி செய். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி வருடக்கணக்கில் 60இல் ஓட்டுபவர்கள் ஏராளம்.

நாற்காலியிலிருந்து எழும்போதெல்லாம் திரை ஒரு நொடி அணைந்து வந்தால் பயப்படாதே. கேஸ் லிஃப்ட் நாற்காலியில் உண்டாகும் நிலைமின் பொறியைச் சில வீடியோ கேபிள்கள் ஏற்றுக்கொள்ளும். குட்டையான, நல்ல கவசம் உள்ள கேபிளுக்கு மாற்றிப் பார்.

திரை வந்ததும் முதல் வேலை வெளிச்சத்தைக் குறைப்பது. பெட்டியிலிருந்து எடுக்கும்போது மானிட்டர் கண்ணைப் பறிக்கிற அளவில்தான் இருக்கும். வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடி. இரண்டும் ஒரே அளவு வெளுப்பாகத் தெரியும்வரை இறக்கு. அறையின் ஜன்னல் மானிட்டருக்கு முன்னாலோ பின்னாலோ இல்லாமல் பக்கவாட்டில் வரும்படி மேசையைப் போடு.

இப்போது உன் விளக்குகள். மானிட்டருக்குப் பின்னால் சுவரில் விழும் ஒளி வெறும் அழகுக்கு வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். இருட்டறையில் பளிச்சென்ற செவ்வகத்தையும் கறுத்த சுவரையும் கண் மாறி மாறிப் பார்த்துச் சோர்ந்துபோகும்; பின்னொளி அந்த வேறுபாட்டைக் குறைக்கிறது, திரையின் கறுப்பும் இன்னும் கறுப்பாகத் தெரிகிறது. ஐ.பி.எஸ். மூலை வெளுப்புகூட இதனால் மறைந்துபோகும். இந்த வேலைக்கு வேண்டியது 6500 கெல்வின் வெள்ளை (கெல்வின் என்பது வெள்ளையின் சாயலைச் சொல்லும் அளவு, எண் குறையக் குறைய மஞ்சள் கூடும்), ஏனென்றால் எஸ்.ஆர்.ஜி.பி. என்ற பொது நிற அளவுகோலைப் பின்பற்றும் திரையின் வெண்மை அதற்கே அமைக்கப்பட்டது. சி.ஆர்.ஐ., அதாவது நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு 100க்குத் தரும் மதிப்பெண், 90க்கு மேல் இருக்கட்டும். படம் பார்க்கும்போது சுவரின் வெளிச்சம் திரையின் உச்ச வெண்மையில் பத்தில் ஒரு பங்கு போதும். வேலை நேரத்தில் கூட்டிக்கொள்ளலாம். சுவர் வெள்ளையோ சாம்பலோ ஆக இருந்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். மஞ்சள் சுவரில் எந்த விளக்கும் மஞ்சள்தான்.

நீ குறித்திருக்கும் ஆர்.ஜி.பி. ஸ்ட்ரிப் சிவப்பு, பச்சை, நீலத்தைக் கலந்துதான் வெள்ளை காட்டும். அந்த வெள்ளை ஊதாவாகவோ பச்சையாகவோ சாயும். நிறமும் வேண்டும், வெள்ளையும் வேண்டும் என்றால் தனி வெள்ளை எல்.இ.டி. உள்ள ஆர்.ஜி.பி.டபிள்யூ. எடு. 5 மீட்டரும் தேவையில்லை. 27 இஞ்ச் மானிட்டரின் பின்புறத்தில் விளிம்பிலிருந்து 5, 6 செ.மீ. உள்ளே தள்ளி, மேலும் இரு பக்கமும் ஒட்டினால் 1 மீட்டர் போதும். கீழ்ப்பக்கம் ஒட்டாதே, மேசை பளபளப்பாக இருந்தால் புள்ளிபுள்ளியாகப் பிரதிபலிக்கும். சுவருக்கும் திரைக்கும் 10 முதல் 20 செ.மீ. இடைவெளி விட்டால் ஒளி பரவி மெத்தென்று விழும்.

ஆம்பியர் கணக்கில்தான் சறுக்குவார்கள். உறையில் உள்ள வாட் எண்ணை வோல்ட்டால் வகு: 5 வோல்ட் ஸ்ட்ரிப் 5 வாட் என்றால் 1 ஆம்பியர். யு.எஸ்.பி. 2.0 போர்ட் தருவது அரை ஆம்பியர், 3.0 தருவது 0.9. அதற்கு மேல் இழுத்தால் விளக்கு துடிக்கும், மானிட்டரின் ஹப்பில் மாட்டிய கீபோர்டு திடீரென விட்டுப்போகும். ஒவ்வொரு எல்.இ.டி.யும் தனி நிறம் காட்டும் டபிள்யூ.எஸ்.2812பி வகை இன்னும் பசி பிடித்தது. முழு வெள்ளையில் ஒன்றுக்கு 60 மில்லிஆம்பியர் வரை. மீட்டருக்கு 60 எல்.இ.டி. என்றால் 3.6 ஆம்பியர். அதற்குத் தனி 5 வோல்ட் அடாப்டர் வை, நிறத்தை மாற்றும் கன்ட்ரோலரில் மின்னோட்ட வரம்பையும் போட்டுவை. நீளமாக ஓட்டினால் கடைசி முனையில் வெள்ளை மஞ்சளாகி, சிவப்பாகும். வழியில் வோல்ட் இறங்க, நீலமும் பச்சையும் முதலில் மங்குவதுதான் காரணம். இரு முனையிலும் மின்சாரம் கொடுத்தால் சரியாகும். அதில் அச்சிட்டிருக்கும் அம்புக்குறி கன்ட்ரோலரிலிருந்து விலகிப் போகும் திசையில் இருக்க வேண்டும், திருப்பி மாட்டினால் எரியாது.

வெட்டுவதென்றால் செம்புப் பட்டைகளுக்கு நடுவில் குறித்த இடத்தில் மட்டும். 12 வோல்ட்டில் அது பெரும்பாலும் மூன்று எல்.இ.டி.க்கு ஒருமுறை வரும். மூலையில் பக்கவாட்டாக மடக்காதே, உள்ளே கம்பித் தடம் அறுந்துபோகும். சிறு வளையமாகத் திருப்பு, அல்லது வெட்டி ஒயர் வைத்துப் பற்றவை. ஒட்டும் பரப்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிட்டு, அழுத்தி ஒட்டு. மானிட்டரின் காற்றுத் துளைகளை மூடாதே.

நீலம் உனக்குப் பிடிக்கும் என்று தெரியும். கண் நீல ஒளியைக் கூர்மையாகக் குவிப்பதில்லை, அதனால் நீல விளக்கைச் சுற்றி மங்கலான வளையம் தெரியும். படிக்கும் நேரத்தில் அதைத் தவிர். இரவில் 2700 கெல்வினுக்கு இறக்கிவிடு. அறுகோணங்கள் நேரடியாகக் கண்ணில் படும் விளக்குகள், அவற்றைப் பக்கச் சுவருக்குத் தள்ளி மங்கலாக வை. திரையின் நிறத்தோடு சேர்ந்து மாறும் ஒளி படத்துக்குச் சரி. வேலை நேரத்தில் திரையில் ஒவ்வொரு விண்டோ மாறும்போதும் சுவர் துள்ளும், அணைத்து வை.

கேபிள்களுக்கு மேசைக்கு அடியில் ஒரு தட்டு மாட்டி, பவர் ஸ்ட்ரிப்பை அதற்குள் வை. வெல்க்ரோ போதும், பிளாஸ்டிக் டை போட்டால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கத்தரி தேட வேண்டும். உயரம் மாறும் மேசை என்றால் உச்சிக்கு ஏற்றி வைத்துவிட்டு நீளம் பார்த்துக் கட்டு. ஒயர்லெஸ் மவுஸ் தடுக்கினால் மவுஸைக் குறை சொல்லாதே. யு.எஸ்.பி. 3.0 போர்ட் எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸைக் குழப்பும். மவுஸோடு வரும் டாங்கிளை (யு.எஸ்.பி. ரிசீவரை) ஒரு குட்டி எக்ஸ்டென்ஷனில் கீபோர்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வை.

எதையும் ஆர்டர் போடுவதற்கு முன் உன் முழங்கை உயரம், மேசை வைக்கும் இடத்தின் ஆழம், லேப்டாப்பின் யு.எஸ்.பி.-சி போர்ட் பக்கத்தில் என்ன குறி போட்டிருக்கிறது, இந்த மூன்றையும் எழுதி அனுப்பு. ஆர்ம் தேவையா இல்லையா என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா