செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் மருத்துவர் சங்கத்தின் நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. ஜூலை 1 மருத்துவர் தினத்தன்று ரத்ததான முகாம் நடத்தினோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நாம் செய்தவற்றில் முதன்மையானது இதய நோய் மருந்துகளைப் பாதுகாப்பாக எழுதுவது பற்றிய இணையவழி வகுப்புகள்தான். கிளினிக் மூடிய பிறகு, இரவு ஒன்பதரைக்கு, வீட்டிலிருந்தபடியே கலந்துகொள்ளும் ஏற்பாடு. எந்த மருந்து நிறுவனத்திடமும் பணம் வாங்கவில்லை. இதில் நிர்வாகக் குழு உறுதியாக இருந்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். புது மருந்தின் பெருமையைக் கேட்க நமக்கு வேறு கூட்டங்கள் நிறைய இருக்கின்றன. பழைய மருந்தின் ஆபத்தைப் பேசத்தான் இடமில்லாமல் இருந்தது.

அதிகம் பேசப்பட்டது, சில மருந்துகளால் ரத்தத்தில் பொட்டாசியம் அளவுமீறி ஏறும் ஆபத்து பற்றிய வகுப்பு. இதயச் செயலிழப்பில், பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை உயிர் காக்கும் என்று 1999இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அதன்பின் கனடாவின் ஒன்டாரியோவில் அந்த மருந்தை எழுதுவது பல மடங்கு கூடியது. இதயச் செயலிழப்புக்காக, பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய இன்னொரு மருந்தான ஏசிஇ தடுப்பு மருந்தையும் எடுத்துக்கொண்டிருந்த முதிய நோயாளிகளில், பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1994இல் ஆயிரத்துக்கு 2.4 பேர்; 2001இல் 11 பேர். மருந்து நல்ல மருந்துதான். ஆனால் ஆய்வில் இருந்த ரத்தப் பரிசோதனைக் கண்காணிப்பு வெளியே வரும்போது தளர்ந்துவிடுகிறது. ஆரம்ப சுகாதார நிலைய உறுப்பினர்கள் அன்று கேட்டது நம் ஊர்க் கேள்வி: மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே போய்விடுகிறது, சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க நோயாளியை எப்போது வரவழைப்பது? அந்த விவாதம் பதினொன்றரை வரை நீண்டது.

அடுத்தது ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள். செயற்கை உலோக இதய வால்வு வைத்தவருக்குப் பழைய மருந்துகளான அசிட்ரோமோ வார்ஃபரினோதான். ரிவராக்ஸபான் போன்ற புதிய மாத்திரைகள் கூடாது. ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு பழுதாகும் ருமாட்டிக் இதய நோயோடு, இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப்போகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் உள்ளவர்களிலும் ரிவராக்ஸபானைவிடப் பழைய மருந்தில்தான் இறப்பு குறைவு என்று 2022இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வு காட்டியது. ருமாட்டிக் வால்வு நோய் இன்னும் நிறையப் பார்க்கும் நமக்கு இது மிக முக்கியம். ஆனால் இந்தப் பழைய மருந்தை எடுப்பவர் வயிற்றுப்போக்கு என்று வரும்போது மெட்ரோனிடசோல் எழுதினால், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு ஏறும்; ரத்தக்கசிவு ஆபத்து கூடும். படர்தாமரைக்கு ஃப்ளூகோனசோல் எழுதினாலும் அப்படித்தான். சீட்டு எழுதும்முன் “வால்வு ஆபரேஷன் ஆகியிருக்கா, வேற என்ன மாத்திரை போடுறீங்க?” என்று கேட்டாக வேண்டும்.

வலி மாத்திரை பற்றியும் ஒரு வகுப்பு நடந்தது. மாரடைப்பு வந்தவர், இதயச் செயலிழப்பு உள்ளவர் ஆகியோருக்கு டைக்ளோஃபெனாக் தரக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013இலேயே சொல்லிவிட்டது. இங்கே அது சீட்டே இல்லாமல் கிடைக்கிறது என்பது என் மனதை உறுத்துகிறது.

உறுப்பினர் ஒருவர், நோயாளி அனுமதியோடு, ஒரே அம்மாவின் மூன்று சீட்டுகளைப் பெயர் மறைத்துத் திரையில் காட்டினார். இரண்டு மருத்துவர்கள் இரண்டு பிராண்டு பெயர்களில் எழுதியிருந்தது ஒரே ரத்த அழுத்த மருந்து, டெல்மிசார்ட்டான். மூன்றாவது சீட்டில் வலி மாத்திரை. அந்த அம்மா மூன்றையும் ஒழுங்காகச் சாப்பிட்டு வந்திருக்கிறார். யாரையும் குறைசொல்லாமல், எப்படித் தடுத்திருக்கலாம் என்று மட்டும் பேசினோம். இந்த ஆண்டின் மிகப் பயனுள்ள அரை மணி நேரம் அதுதான்.

மருத்துவர்களின் தொடர்கல்விக்கான, ஐந்தாண்டுக்கு 30 மணி என்ற கிரெடிட் கணக்குக்காக வந்த சிலர், கணக்கு முடிந்த பிறகும் தொடர்ந்து வந்தது மகிழ்ச்சி. பக்க விளைவுகளை இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்கும் 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணை எல்லாரும் மேஜையில் ஒட்டிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். ஒன்று, வகுப்புகளுக்கு நம் ஊர் மருந்துக்கடை மருந்தாளுநர்களையும் அழைப்பது. இரண்டு, சீட்டில் பிராண்டு பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் பெரிய எழுத்தில் எழுதுவதை உறுப்பினர் அனைவரும் ஏற்றுக்கொள்வது.

இப்படிக்கு,
செயலாளர்