ஈலண்டின் கொம்பும் முழங்கால் ஓசையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறுவர் இணைப்பில் ஆப்பிரிக்காவின் ஈலண்ட் என்னும் மான் போன்ற பெரிய விலங்கைப் பற்றி வந்த குறிப்பில், ஆணுக்கு மட்டுமே கொம்பு உண்டு என்றும் அது ஆண்டுதோறும் உதிரும் என்றும் இருந்தது. பிள்ளைகள் வெட்டி நோட்டில் ஒட்டிவைக்கும் பக்கம் அது. திருத்தம் வெளியிடுவது அவசியம்.

கொம்பு உதிர்வது புள்ளிமான், கடமான் போன்றவற்றுக்குத்தான். ஈலண்ட், மாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. எலும்புத் தண்டின் மேல் உறையாக வளரும் அதன் கொம்பு ஆயுள் முழுக்க நிலைத்திருக்கும். ஆண், பெண் இரண்டுக்கும் உண்டு. ஆணின் கொம்பு 43 முதல் 66 செ.மீ. வரை; தடித்து, முறுக்கு எடுப்பாக இருக்கும். பெண்ணுடையது மெலிந்தது, ஆனால் 51 முதல் 69 செ.மீ. வரை நீளும். கொம்பின் நீளத்தைப் பார்த்து ஆண் என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம். அடிப்பக்கப் பருமனைத்தான் பார்க்க வேண்டும்.

குறிப்பில் விட்டுப்போன அருமையான செய்தி ஒன்று உண்டு. பெரிய காளை நடந்தால் முன்னங்கால்களிலிருந்து 'டக், டக்' என்று ஓசை எழும். சில நூறு மீட்டர் தள்ளியும் அது கேட்கும். குளம்பு கல்லில் படுவதாலோ மூட்டு நோயாலோ வரும் ஓசை அல்ல அது. முழங்காலில் தசைநார் எலும்பின் மேல் வழுக்கி விழுந்து அதிர்வதே காரணம். உடல் பெருக்கப் பெருக்க நார் நீண்டு தடிக்கிறது. தடித்த வீணைத் தந்தியைப் போலச் சுருதி இறங்குகிறது. கென்யாவில் நடத்தி 2008-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, இந்தச் சுருதி உடல் அளவையும், கழுத்தடியில் தொங்கும் தோல்மடிப்பான அலைதாடி வயதையும், நெற்றி மயிரின் கருமை மூர்க்கத்தையும் காட்டுவதாகச் சொல்கிறது. 900 கிலோ வரை எட்டக்கூடிய காளைகள் முட்டிக்கொண்டால் இருபக்கமும் சேதம்தான். எதிரியின் பலத்தைச் சண்டைக்கு முன்பே எடைபோட இந்த அடையாளங்கள் உதவுகின்றன.

'மந்தமான விலங்கு' என்று குறிப்பில் சொன்னதும் பாதி உண்மையே. மணிக்கு 40 கி.மீ. வேகத்துக்கு மேல் ஓடுவது அரிது, சீக்கிரம் களைத்தும்விடும். ஆனால் 22 கி.மீ. வேகத்தில் வெகுநேரம் பெருநடை போடும். மிரண்டால் நின்ற இடத்திலிருந்தே 2.5 மீட்டர் உயரம் தாவும். பண்ணைகளில் மாட்டுக்குப் போடும் தாழ்வான வேலி இதை நிறுத்தாது.

வெயிலைத் தாங்கும் விதமும் தனி. வியர்த்து நீரை இழக்காமல், பகலில் உடல் வெப்பம் பல டிகிரி ஏற விட்டு, இரவுக் குளிரில் அதை வெளியேற்றிவிடும்.

திருத்தத்துடன் கொம்புள்ள பெண் ஈலண்டின் படத்தையும் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விலங்கியல் ஆசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர்.