தலைக்கு மேலே 59 சென்டிமீட்டர்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஓய்வுபெற்ற உயரம் தாண்டுதல் வீரர் ஸ்டெஃபான் ஹோல்ம் பற்றிய கட்டுரையை ஆசையோடு படித்தேன். சொந்த நாடான ஸ்வீடனில் திரும்பத் திரும்ப தேசிய சாம்பியன், உலக உள்ளரங்கப் போட்டிகளில் 4 தங்கம், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தங்கம் என்று பதக்கங்களை எல்லாம் எழுதியிருந்தீர்கள். அவர் எவ்வளவு உயரம் என்பதை மட்டும் விட்டுவிட்டீர்கள். என்னைப் போன்றவர்களுக்கு அதுதானே முக்கியம்!

ஹோல்மின் உயரம் 1.81 மீட்டர். நெடுநெடுவென்று வளர்ந்தவர்களே நிற்கும் இந்த விளையாட்டில் அது குறைவு. அவர் 2005இல் மாட்ரிட்டில் 2.40 மீட்டர் தாண்டினார். அதாவது, தன் தலைக்கு மேலே 59 சென்டிமீட்டர். அதற்கு முன்பு 1978இல் அமெரிக்காவின் ஃபிராங்க்ளின் ஜேக்கப்ஸ், வெறும் 1.73 மீட்டர் உயரத்தை வைத்துக்கொண்டு 2.32 தாண்டினார். அதுவும் அதே 59தான்.

நான் பள்ளியில் படித்தபோது பயிற்சி ஆசிரியர் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். உச்சந்தலை கோட்டைத் தொடாதவர்கள் எல்லாம் வெளியே. எனக்கு இரண்டு விரற்கடை குறைந்தது. ஒரு தடவைகூட ஓடவிட்டுப் பார்க்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

உயரமானவருக்கு உடலின் ஈர்ப்பு மையம் முதலிலேயே மேலே இருக்கிறது, அந்தச் சாதகம் உண்மைதான். ஆனால் வளைந்து ஓடிவரும் வேகத்தைக் கடைசி மிதியில் அப்படியே மேல்நோக்கித் திருப்பத் தெரிந்தால் குறையை ஈடுகட்டலாம். ஹோல்ம் வேகத்தை நம்பியவர். தடைச்சட்டங்களை வரிசையாக வைத்து இரண்டு காலையும் சேர்த்துத் துள்ளித் துள்ளித் தாண்டுவார் பாருங்கள், அந்தப் பயிற்சி எத்தனை வருட உழைப்பு!

அப்புறம் ஏதென்ஸ். 2.34இல் இரண்டு முறை தவறிவிட்டார். மூன்றாவதும் போனால் கதை முடிந்தது. வேறு இருவர் அந்த உயரத்தை ஏற்கெனவே தாண்டிவிட்டார்கள். மூன்றாவது முயற்சியில் தாண்டினார். அடுத்து 2.36ஐ முதல் முயற்சியிலேயே தாண்டினார். மற்ற இருவராலும் அது முடியவில்லை. நான்கு ஆண்டு கழித்து பெய்ஜிங்கில் நான்காம் இடம், அந்த ஆண்டோடு ஓய்வு.

அவரைப் பற்றி மறுபடி எழுதினால், படத்துக்குக் கீழே 1.81 என்று போடுங்கள். சாக்பீஸ் கோட்டுக்குக் கீழே நிற்கிற ஒரு பிள்ளை அதைப் பார்க்கட்டும். அவர்களுடைய ஆசிரியரும் பார்க்கட்டும்.

அன்புடன்,
ஒரு வாசகர்