உன் முகம் இருந்த இடத்தில் ஒரு பறவை

பாம்பன்,
மே 19

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு மாதாவை வேண்டிக்கொள்கிறோம்.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். நீ போனில் பேசி இன்றோடு முப்பத்தெட்டு நாள். அம்மா காலண்டரில் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே வருகிறாள், எனக்குத் தெரியாது என்று நினைப்பு. நான் எது அனுப்பினாலும் ஒற்றை டிக்கோடு நின்றுவிடுகிறது. வேலை அதிகமாக இருக்கும், சரி. மேலத்தெரு மச்சான் 26ஆம் தேதி கத்தாருக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதையும் அம்மா கட்டிய சீலாக் கருவாட்டையும் கொடுத்துவிடுகிறேன்.

அப்புறம் மறந்துவிடுவேன், அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். யாருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதே. கூடத் தங்கியிருப்பவன், ஊர்க்காரன், ஒரே தட்டில் சாப்பிட்டவன், எவனாக இருந்தாலும் சரி.

நீ பேச்சை நிறுத்துவதற்கு முன்னால் கடைசியாகச் செய்த காரியம் வாட்ஸ்அப்பில் படத்தை மாற்றியது. மீசையோடு நீ சிரித்துக்கொண்டிருந்த இடத்தில் இப்போது ஒரு சிவப்புப் பறவை. "எதுக்கு இவன் காக்கா படம் வச்சிருக்கான்?" என்று அம்மா கேட்டாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. காக்கா இல்லை, நீர்க்காகம், ஏதோ பந்து விளையாட்டுச் சமாச்சாரம் என்று சொல்லிவைத்தேன். வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன். பிறகு பார்த்தால் அதுவே சரியாகிவிட்டது.

எப்படித் தெரிந்தது என்கிறாயா? மீன்பிடித் தடைக்காலம் அல்லவா, படகெல்லாம் கரையில் ஏறிக் கிடக்கிறது. வருஷத்தில் இந்த அறுபத்தொரு நாள்தான் படகுக்குப் படம் வரைகிற எனக்கு அறுவடை. அதிலும் ஸ்டிக்கர் கடைக்காரர்கள் பாதியைக் கொண்டுபோய்விட்டார்கள். போன வாரம் உங்கள் டீம் கேப்டன் வந்தான். இப்போது சொந்தப் படகு வைத்திருக்கிறான், தெரியும்தானே. ஸ்டிக்கர் உப்புக்காற்றில் ஒரு வருஷம்கூட நிற்கவில்லை மாமா, நீங்களே கேபினில் வரைந்து கொடுங்கள் என்று போனை நீட்டினான். அதே பறவை. லிவர்பூல் என்றான், இங்கிலாந்து ஃபுட்பால் டீமாம். "அவனும் இந்த டீம்தானே மாமா, எப்படி இருக்கான்?" என்றான். நன்றாக இருக்கிறான் என்றேன். வேறென்ன சொல்ல?

அக்கா மகனை அழைத்து உட்காரவைத்தேன். அவன் ஒரு நோட்டு முழுக்க இந்தச் சின்னங்களை ஒட்டி, பக்கத்தில் கதை எழுதிவைத்திருக்கிறான். கணக்கில் முப்பத்திரண்டு மார்க். ஆனால் இதைக் கேட்டால் வாய் மூடுவதில்லை. எல்லாம் மாமா சொன்னது என்கிறான். எங்களிடம் பேச நேரமில்லாத மாமாவுக்கு அவனிடம் மட்டும் இவ்வளவு பேச நேரம் இருந்திருக்கிறது.

1207இல் ஜான் என்ற ராஜா லிவர்பூல் ஊருக்குச் சாசனம் கொடுத்தாராம். ஊர் முத்திரையில் யோவானின் கழுகைப் போட்டார்கள் என்கிறார்கள். நம் கோயிலில் நற்செய்தி யோவான் காலடியில் நான் வரைந்தேனே, அதே கழுகு. முத்திரை வெட்டியவனுக்குக் கை சரியில்லையோ என்னவோ, ஊர்க்காரர்கள் கண்ணுக்குக் கழுகு தெரியவில்லை. நூற்றாண்டுகள் போகப் போக அது நீர்க்காகமாகவே நிலைத்துவிட்டது. என் தொழிலில் இது ஒரு பயம். நீ வரைந்தது ஒன்று, ஊர் பார்ப்பது வேறொன்று.

அதன் அலகில் ஒரு கொத்து இருக்கிறது பார். இலை என்று நினைத்துப் பச்சை கலந்துகொண்டிருந்தேன். பயல் கையைப் பிடித்துவிட்டான். தாத்தா, அது பாசி என்றான். கடற்பாசியேதான். அம்மாவிடம் சொன்னதும் போனை வாங்கி விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். கண்ணாடி மாட்டிக்கொண்டு, காலில் தகடு கட்டிக்கொண்டு, சின்னப்பாலம் பெண்களோடு தீவோரம் மூழ்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி பறித்தவள். அந்தப் பாசிக் காசில்தான் உன் பாஸ்போர்ட் எடுத்தது. "இவ்வளவு பெரிய டீம் வாயில பாசியா?" என்று அன்று பூராவும் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலண்டரில் புள்ளி வைக்க மறந்துவிட்டாள். அதற்கடுத்த நாள் இரண்டாக வைத்தாள்.

மான்செஸ்டரில் இரண்டு டீம், இரண்டின் சின்னத்திலும் கப்பல். அந்த ஊருக்குக் கடலே கிடையாதாம்! வியாபாரம் செழித்த பெருமையில் 1842இல் நகரத்துக்குச் சின்னம் வாங்கும்போது கப்பலை வரைந்துகொண்டார்கள். கப்பல் உள்ளே வர வாய்க்கால் வெட்டித் திறந்தது 1894இல். முதலில் படம், ஐம்பத்திரண்டு வருஷம் கழித்துத் தண்ணீர். இதைச் சொல்லி நானும் கேப்டனும் சிரித்ததில் ஏணி ஆடிவிட்டது.

உன் தாத்தா இருந்திருந்தால் வெஸ்ட் ஹாம் கட்சிதான். இரண்டு சுத்தியல் குறுக்கே வைத்த சின்னம். தேம்ஸ் ஆற்றங்கரையில் இரும்புக் கப்பல் கட்டிய பட்டறைக்காரர்கள் 1895இல் ஆரம்பித்த டீம் அது, சுத்தியல் கப்பலுக்கு ஆணி அடித்த சுத்தியல். படகு கட்டுகிற ஓடாவிக்கு வேறென்ன வேண்டும்? பலகை இடுக்கை அடைக்கக் கலப்பத்து அடிக்கும் சத்தத்தை வைத்தே எந்தப் பலகை கசியும் என்று சொல்கிறவர். நீ அவரைப் போல. வேலையில் குறை வைக்கமாட்டாய். அதை நான் உன்னிடம் சொன்னதில்லை, வெளியில் சொல்லியிருக்கிறேன்.

கல்கத்தாவில் மோகன் பகான் சின்னம் பாய் விரித்த படகு. 1911இல் வெள்ளைக்காரப் பட்டாளத்து டீமை 2-1 என்று ஜெயித்துக் கேடயம் வாங்கினார்களாம். பதினோரு பேரில் பத்துப் பேர் வெறுங்கால். அந்த டீம் ஜெயித்தால் அங்கே இறால் விலை ஏறுமாம். நம் இறாலுக்கும் அப்படி யாராவது ஜெயித்தால் தேவலை. ஹாலந்தில் அஜாக்ஸ் என்று ஒரு டீம், பழைய கிரேக்க வீரன் தலையை 1990இல் பதினோரே கோட்டில் வரைந்தார்கள், ஆளுக்கு ஒரு கோடு. இந்த நோட்டிலேயே நல்ல கை அதுதான். நாற்பது வருஷமாக பிரஷ் பிடிக்கிறேன், ஒரு கோட்டைக் குறைக்க எனக்கு மனசு வந்ததில்லை.

தண்ணீர் நிறையக் குடி. வெயிலில் தலையில் துணி போடு. கையெழுத்து விஷயம் மேலே எழுதியிருக்கிறேன்.

லிவர்பூலிலேயே இன்னொரு டீம், எவர்ட்டன். அதன் சின்னத்தில் ஒரு கோபுரம். கோயில் என்று நினைத்தேன். 1787இல் கட்டிய சின்ன லாக்கப்பாம். குடித்துவிட்டுத் தெருவில் கிடந்தவனை, சில்லறைத் திருடனை ராத்திரி அடைத்துவைக்கிற இடம். அந்த ஊர்க் கட்டடத்தின் உச்சியில் 1911இல் பெரிய செம்புப் பறவை இரண்டு வைத்தார்களே, அதைச் செய்த பார்ட்டல்ஸ் என்கிறவர் ஜெர்மன்காரர், பிழைக்க வந்தவர். யுத்தம் வந்ததும் அவரையும் பிடித்து முகாமில் அடைத்து, முடிந்த பிறகு நாட்டைவிட்டே அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு அடையாளம் செய்து கொடுத்தவரை. நோட்டை மூடு என்று பயலிடம் சொல்லிவிட்டேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் அடைத்துவைத்த கதையாகவே வருகிறது.

டீக்கடையில் ஒருத்தர் ஏதோ சொன்னார். கத்தாரிலிருந்து போன மாதம் வந்தவர். கூட இருந்தவன் வாங்கிய கடனுக்கு யாரோ ஜாமீன் நின்றதாகவும், அவன் சொல்லாமல் ஊருக்கு ஓடிவிட்டதாகவும், நின்றவனின் பாஸ்போர்ட் மாட்டிக்கொண்டதாகவும் சொன்னார். பெயர் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் நம்பவில்லை. என் மகன் விவரமானவன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பாதி வழியில்தான் டீக்குக் காசு கொடுக்காதது ஞாபகம் வந்தது.

நீ விவரமானவன்தான். அக்கா கல்யாணத்தை முடித்தாய், வீட்டுக்குத் தளம் போட்டாய். ஆனால் உனக்குப் பெண் பார்க்கும் பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுகிறாய். கஷ்டம் என்றால் பெற்றவர்களிடம் சொன்னால் என்ன? நாங்கள் என்ன அந்நியமா? பணம் அனுப்பவேண்டாம். எத்தனை மாதமானாலும் வேண்டாம். அம்மாவின் வளையல் இருக்கிறது, என்னிடமும் இந்த சீசனில் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. தேவைப்பட்டால் மச்சானிடம் ஒரு வார்த்தை சொல்.

பறவையை முடித்ததும் இரண்டு பக்கமும் தீ வரைய வேண்டியிருந்தது. முழுச் சின்னத்தில் அப்படி உண்டு. விளக்கு என்று நினைத்துத் திரி போட்டேன். பயல் மறுபடியும் நோட்டை எடுத்தான். 1989, ஏப்ரல் 15. நம் தடைக்காலம் தொடங்குகிற தேதி. ஷெஃபீல்டு ஊரில் ஹில்ஸ்பரோ மைதானத்தில் பந்து பார்க்கப் போனவர்கள், வேலிக்குள் நெரிசலில் மாட்டி மூச்சடைத்து 97 பேர் செத்திருக்கிறார்கள். பாதிக்கு மேல் முப்பது வயது ஆகாதவர்கள். அந்தத் தீ அவர்களுக்கு.

அதோடு விடவில்லை. குடித்துவிட்டு வந்தார்கள், கதவை முட்டித் தள்ளினார்கள் என்று போலீஸ் அவர்கள் மேலேயே பழியைப் போட்டது. கதவைத் திறக்கச் சொன்னதே ஒரு போலீஸ் அதிகாரிதான். பெற்றவர்கள் நடையாய் நடந்து, இருபத்தேழு வருஷம் கழித்து 2016இல்தான் ஜூரி, ரசிகர்கள் மேல் தப்பில்லை என்று சொன்னது. அதற்குள் எத்தனை தாய் தகப்பன் கண்ணை மூடியிருப்பார்கள்!

பயல் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது என் கையில் சிவப்பு பெயின்ட். வரைய முடியவில்லை. உப்புக்காற்று என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

குடித்தவன் ஒருத்தன், பழி இன்னொருத்தன் மேல். அது எனக்குத் தெரிந்த கதைதான், ராசா.

2009. தூத்துக்குடிக்கு ஆடப் போக இருந்தீர்கள். பதினாலு பனியன் வாங்கி, நீ நோட்டில் வரைந்த சின்னத்தை அதில் எழுதித் தருவதாக நான் சொல்லியிருந்தேன். பையன்கள் சேர்த்த 2,300 ரூபாயை என் கையில்தான் கொடுத்தாய். ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினேன். பனியன் கடைக்குப் போகவில்லை. மூன்று நாள் கழித்து வந்தேன். அன்று ராத்திரி கேப்டனும் இன்னும் நாலு பேரும் வாசலுக்கு வந்தார்கள். நான் திண்ணையில் படுத்திருந்தேன், தூங்குகிற மாதிரி. நீ நிலைப்படியில் நின்று, பணத்தை பஸ்ஸில் தொலைத்துவிட்டேன் என்றாய். ஒருத்தன் உன்னைத் திருடன் என்றான். நீ பேசவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. கொசு கடித்தது, அதைக்கூடத் தட்டவில்லை.

அதற்குப் பிறகு நீ கடற்கரைப் பக்கம் ஆடப் போகவில்லை. படிப்பில் அக்கறை வந்துவிட்டது என்று அம்மா சந்தோஷப்பட்டாள்.

இத்தனை வருஷத்தில் நீ ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் குடியை விட்ட அன்று, "நல்லதுப்பா" என்று மட்டும் சொன்னாய். ஜாமீன் போடாதே போடாதே என்று எழுதிக்கொண்டே வந்தேனே, நீ முதலில் ஜாமீன் நின்றது எனக்குத்தான். அடுத்தவன் பழியைத் தோளில் வாங்கிக்கொண்டு பேசாமல் நிற்க நீ இந்த வீட்டு நிலைப்படியில் பழகியவன். இப்போதும் அப்படி நிற்கிறாயோ என்றுதான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஏறித் தீயை முடித்தேன். நன்றாக வந்திருக்கிறது. கேப்டன் கூலி 1,200 கொடுத்தான், வாங்கவில்லை. ஏன் மாமா என்றான். பழைய பாக்கி ஒன்று இருக்கிறது, அதில் கழித்துக்கொள் என்றேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குமேல் என்னால் சொல்ல முடியவில்லை. சொல்லவேண்டும். நீ அனுமதித்தால் சொல்கிறேன், உன் பெயரும் அதில் இருக்கிறது.

கேபினின் மறுபக்கம் இன்னும் வெறும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. அங்கே என்ன வேண்டுமானாலும் வரைந்துகொள்ளுங்கள் மாமா என்று சொல்லியிருக்கிறான். ஜூன் 14 வரை நேரம் இருக்கிறது. நீ வரைந்த சின்னம் எனக்கு முக்கால்வாசி ஞாபகம் இருக்கிறது. நம் பழைய தூக்குப்பாலம், இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். இப்போது அதில் ரயில் ஓடுவதில்லை, புதுப் பாலம் நேராக மேலே ஏறுகிறது, நீ வந்து பார்க்கவேண்டும். அதை விடு. அந்த இரண்டு கைக்கும் நடுவே நீ எதை வரைந்திருந்தாய், படகா, பந்தா? அது மட்டும் தெளிவாக இல்லை. பயலுக்கும் தெரியவில்லை. மச்சானிடம் சொல்லி அனுப்பு, இல்லை ஒரு நிமிஷம் போன் போடு. அவுட்லைன் போட்டுவைத்திருக்கிறேன்.

அப்பா

கருவாட்டுப் பொட்டலத்தில் அடியில் ஒரு கவர் இருக்கும். அம்மாவுக்குத் தெரியாது.