லிஸ்ட் பிழை தீர்ந்திட்டுது, கைகுடுத்த எல்லாருக்கும் நன்றி

வணக்கம். ஆஸ்பத்திரி றோட்டில ஒரு பாமசிக்கு நாங்கள் பாத்துக்குடுக்கிற ஓடர் புரோகிராம், லிஸ்டில மருந்தை மவுஸால பிடிச்சு இழுத்து மேல கீழ மாத்தேக்க ஓவர்ஃப்ளோ (எண் இடத்துக்குள்ள கொள்ளேல்லை) எண்டு காட்டிப்போட்டு மூடுப்படுறது உங்களில கனபேருக்குத் தெரியும். அது இப்ப சரிவந்திட்டுது, அதுக்கு ஆர் ஆர் காரணமோ அவையளுக்கு எல்லாருக்கும் முன்னால நன்றி சொல்லோணும் எண்டுதான் இதை எழுதிறன்.

முதல் நன்றி கவுண்டரில நிக்கிற தங்கச்சிக்கு. நாங்கள் எல்லாரும் விலை கூட்டுற இடத்தையே கிண்டிக்கொண்டிருக்க அவதான் "அண்ணா, கீழ இழுத்தா ஒண்டும் செய்யேல்லை, லிஸ்டைத் தாண்டி மேல பட்டன் இருக்கிற பக்கம் போனாத்தான் விழுகுது" எண்டு சொன்னவ. உண்மையா அரைவாசி வேலை அந்தச் சொல்லோட முடிஞ்சுது.

மிச்சம் நெல்லியடி அண்ணை. ராவு வேலையால வந்த களைப்போட போனில இருந்து வரி வரியாப் பாத்தவர். மவுஸ் நிக்கிற இடத்தை விண்டோஸ் ஒரே எண்ணுக்குள்ள எக்ஸுக்கு (இடம் வலம்) 16 பிட், வைக்கு (மேல கீழ) 16 பிட் எண்டு அடைச்சுத்தான் அனுப்புதாம், இழுக்கேக்க லிஸ்ட் மவுஸைப் பிடிச்சு வச்சிருக்கிறதால வெளிய போனாலும் இடம் வந்துகொண்டே இருக்கும், மேல போனா வை மைனஸ். மைனஸ் 3 பிரிச்செடுக்கேக்க மைனஸ் குறி போய் 65533 ஆ நிக்குது, அதைப் போடுற ஷோர்ட் எண்ட சின்ன எண் வகை 32767 க்கு மேல பிடிக்காது, புரோகிராம் எழுதின மொழி வீ.பி. டொட் நெட் இதை இயல்பாவே சரிபாக்கிறதால உடன பிழை எறியுது. சீ ஷார்ப் எண்ட மற்ற மொழியெண்டா அது பேசாமல் மைனஸ் 3 ஆ மாறியிருக்கும், அதாலதான் அங்கயிருந்து எடுத்த உதாரணங்கள் எங்களுக்குச் சரிவரேல்லை. இவ்வளவையும் ஒரு சலிப்பில்லாமல் விளங்கப்படுத்தினவர், அண்ணை, மறக்கமாட்டன்.

32767 ஐ விடக் கூடினா 65536 ஐக் கழி எண்டு ஒரு வரிதான் போட்டது. கம்பஸில படிக்கிற தம்பி "எக்ஸுக்கும் போடுங்கோ, இடப்பக்கம் இழுத்தாலும் இதேதான்" எண்டு ஞாபகப்படுத்தினான், இல்லாட்டி திரும்ப அழுதிருப்பம். இப்ப மேல இழுத்தா லிஸ்ட் தானா ஏறுது. கடை பூட்டின பிறகும் தேத்தண்ணியோட எங்களை இருக்கவிட்ட முதலாளி ஐயாவுக்கும் பெரிய நன்றி.

பழைய புரோகிராம் வச்சிருக்கிற மற்றக் கடைக்காரர் சொல்லுங்கோ, பென்ட்ரைவில கொண்டுவந்து மாத்தித் தாறன், காசு வேண்டாம்.